பிழையில்லாத நிரூபணம்

பிள்ளையைக் கணக்குப் படிக்க வைத்தது நான்தான். கம்ப்யூட்டரில் சேர்த்துவிடு, அமெரிக்கா போவாள் என்று சொந்தபந்தம் எல்லாம் சொன்னது. லோகப்பிரியாவுக்குக் கணக்கின்மேல்தான் ஆசை. தாயில்லாத ஒரே மகள், ஆசைப்பட்டதைப் படிக்கட்டும் என்று கோயமுத்தூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்த்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. கருமத்தம்பட்டியில் தறி ஓட்டுகிற தம்பிதுரை, மகளைப் படிக்க வைக்காத அப்பன் இல்லை.

பள்ளிக்கூடத்தில் கால்குலஸ் என்றால் சூத்திரத்தைப் போட்டு விடையை எடுப்பது. பல்கலைக்கழகத்தில் அந்தச் சூத்திரம் ஏன் சரி என்று அடியிலிருந்து நிரூபிக்க வேண்டுமாம். சாயங்காலம் வந்ததும் என்னை உட்கார வைத்துச் சொல்லிப் பார்ப்பாள்.

“அப்பா, ஒரு சின்ன அளவு சொல்லுங்க. எத்தனை சின்னதா இருந்தாலும் சரிங்க. விடைக்கு அதைவிடக் கிட்டப் போய் நின்னு காட்டறனுங்க.”

நூல் தடிமன் என்பேன். காட்டுவாள். அதில் பாதி என்பேன். அதற்கும் காட்டுவாள். “ஒரே ஒரு அளவுக்கு முடியாமப் போனாலும் நிரூபணம் உடைஞ்சு போச்சுங்கப்பா” என்று சிரிப்பாள். அவளிடம் தோற்பதற்காகவே தறியை ஆளிடம் விட்டுவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்கு வருவேன். அந்த மாதிரி சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் இருந்ததில்லை.

பிறகு ஒரு நாள், கூடப் படிக்கும் நிதீஷைப் பற்றிச் சொன்னாள். பெரியநாயக்கன்பாளையத்துப் பையன். எங்கள் சாதியில்லை. எங்களுக்குக் கீழே என்று வைத்திருக்கிற சாதி. கல்யாணம் செய்தால் அவனைத்தான் என்றாள். நான் கத்தவில்லை, கை ஓங்கவில்லை. ஆகாது என்று மட்டும் சொன்னேன்.

“ஏனுங்கப்பா ஆகாது? அவன் நம்மளவிடக் கீழேன்னா எதுலன்னு சொல்லுங்க.”

வசதி என்றேன். வாடகை வீட்டில் இருக்கும் என் சொந்தத் தம்பியைக் காட்டினாள். படிப்பு என்றேன். வகுப்பில் அவன்தான் முதல் என்றாள். பழக்கவழக்கம் என்றேன். கோயில் நோம்பியில் குடித்துவிட்டு விழுந்து கிடந்த என் மச்சானை ஞாபகப்படுத்தினாள். ரத்தம் என்றேன்.

“உங்க ஆபரேசனுக்கு ஏத்துன ரத்தம் யாரோடதுன்னு கேட்டீங்களாப்பா?”

ஒவ்வொன்றாகக் கழன்றுபோய்க் கடைசியில் என் கையில் மிஞ்சியது, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது ஒன்றுதான்.

“அது காரணமில்லீங்கப்பா. பயம்.”

மரியாதையாகத்தான் சொன்னாள். வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை.

பல நாள் யோசித்தேன். தறிகளுக்கு நடுவே நடந்துகொண்டே அவள் சொன்னதை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தேன். எங்கேயும் பிழை இல்லை. பிழை இருந்திருந்தால் அதைச் சொல்லி, நாலு திட்டுத் திட்டி வீட்டோடு வைத்திருப்பேன். அவள் சொன்னது சரியாக இருந்ததால்தான் எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. பையன் மேல் கோபம் இல்லை. அவனை நான் தொடவே இல்லை.

அன்று மத்தியானம் ஆட்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு அவளைத் தறிக் குடோனுக்கு வரச் சொன்னேன். எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் காதோடு சொன்னால்தான் கேட்கும். அவள் வந்து என் வாயருகே காதைக் கொடுத்தாள்.

“நீ சொன்னது சரிதான் கண்ணு. ஒத்துக்கிட்டேன்.”

அது பொய்யில்லை. அவள் முகமெல்லாம் சிரிப்பாக என் இடது கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்பேனர் வலது கையில் இருந்தது. முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. சரிந்தாள், ஆனால் பிடித்த கையை விடவில்லை. தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு உதட்டசைவிலேயே பேச்சு புரியும். “எதுக்குங்கப்பா?” என்றாள். மண்டை உடையும்வரை அடித்தேன். அவள் கை தானாக என் கையை விட்டுவிட்டது. ரத்தம் தெறித்த துணி ஓடிய தறியை மட்டும் நிறுத்தினேன். கை கழுவிவிட்டு நேராக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். கொன்றது நான்தான், வேறு யாருக்கும் பங்கில்லை.

பயத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மானத்துக்காகச் செய்தேன். என் சொந்தபந்தம் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று செய்தேன். சுடுகாட்டுக்கு எங்கள் ஆட்கள் ஒருத்தரும் வரவில்லை, நிதீஷும் கூடப் படித்த பிள்ளைகளும்தான் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று உங்கள் ஏட்டு சொன்னார். அன்றைக்கு முகூர்த்த நாள் ஐயா. ஆளுக்கொரு கல்யாணம் இருந்திருக்கும். இல்லாவிட்டால் வந்திருப்பார்கள்.