கிளம்பிட்டேன்க்கா

எந்தச் செயலியிலும் பொத்தான் பெரிதாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்குச் செயலி வடிவமைப்பது என் தொழில். ஒரு கையால் ஆளைத் தாங்கிக்கொண்டு மறு கையின் ஈர விரலால் திரையைத் தொடுகிறவர்கள் அவர்கள். அவர்களுடைய கஷ்டம் தெரிந்தவன் என்று எனக்குக் கொஞ்சம் பெயர்கூட உண்டு. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அப்பா பக்கவாதத்தில் படுத்ததிலிருந்து அவரைப் பார்த்துக்கொண்டது அக்காதான். சர்க்கரை அவள் கண்ணைப் பாதி தின்றுவிட்டது. நிறம் தெரியும், எழுத்து தெரியாது. அவளுக்காகவே திரை முழுவதும் ஆரஞ்சு நிறத்தில் ஒரே ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தினால் என் கைபேசி அதிரும். அப்பாவைப் புரட்டிப் போட, குளிப்பாட்ட, விரிப்பு மாற்ற, எதற்கு ஆள் வேண்டுமென்றாலும் அழுத்து என்றேன். வாய்ப்பந்தல் போடுவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

அவள் அழுத்தினாள். ஆரம்பத்தில் ஓடினேன். பிறகு வேலை வந்தது, சாக்கு வந்தது. போகாத நாட்களில் அந்த அதிர்வு முள்ளாகக் குத்தியது.

செயலியைச் சோதித்துப் பார்த்த ஒரு பெண்மணி முன்பு சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாமியாரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டவர். "யாரும் வரலேன்னாலும் பரவாயில்லைங்க. ஒருத்தர் பார்த்தாங்கன்னு தெரிஞ்சா போதும், பாதி பாரம் இறங்கிடும்" என்றார்.

அக்காவின் பாரத்தை இறக்க என் குரலைப் பதிவு செய்து பொத்தானோடு இணைத்தேன். 'பார்த்துட்டேன்க்கா. கிளம்பிட்டேன். பதறாம இரு, வேற யாரையும் தொந்தரவு பண்ணாத.' அழுத்திய உடனே அது பேசும்; நான் பார்த்துவிட்டு அனுப்பினால்தான் அது பேசும் என்று அவளிடம் சொல்லிவைத்தேன். கடைசி வாக்கியம் எதற்கு என்று கேட்பீர்கள். பெற்ற பிள்ளை இருக்கும்போது பக்கத்து வீட்டார் வந்து தூக்கினார்கள் என்ற பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை.

ஊரார் வீட்டுக் கைபேசிகளில் அந்தப் பொத்தான் 'செய்தி போய்விட்டது' என்று மட்டும்தான் சொல்லும். அந்த அளவுக்கு நான் யோக்கியன். பொய் சொன்னது என் கூடப்பிறந்தவளிடம் மட்டும்தான்.

சில தடவை போயும் இருக்கிறேன். பத்துப் பொய்யைக் காப்பாற்ற ஒரு நிஜம் போதும். போகாதபோது வண்டி பஞ்சர், மழை, நெரிசல் என்பேன். "சரி விடுடா, நானே பார்த்துக்கிட்டேன்" என்பாள். அவள் சமாளிப்பதைச் செயலியின் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று மதியம் அப்பா கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார். மூச்சு இழுத்தது. அக்கா பொத்தானை அழுத்தினாள். நான் பதில் சொன்னேன், அதாவது என் குரல் சொன்னது. அவள் தரையில் உட்கார்ந்து அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையற்கார அம்மாள் வந்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா என்று கேட்டிருக்கிறார். "வேண்டாங்க, தம்பி கிளம்பிட்டான். இப்ப வந்துடுவான்" என்று அக்கா அனுப்பிவிட்டாள். வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் மறுபடி எட்டிப் பார்த்தபோது அப்பாவின் கை சில்லிட்டிருந்தது.

அலுவலகத்தில் கூட்டம், எதுவும் தெரியாது என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னேன், இன்ஸ்பெக்டர். கூட்டம் நடந்தது உண்மை. இதே செயலியை வாங்க வந்தவர்களிடம், கவனிப்பவரின் பதற்றம் எப்படி அடங்குகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். மேஜைமேல் கைபேசி அதிர்ந்தது. 'அக்கா' என்று தெரிந்தது. பார்த்தேன். பதில்தான் போயிருக்குமே என்று குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன். அப்பாவைக் கொன்றது நான்தான். வேறு எப்படிச் சொன்னாலும் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அக்காவுக்கு இன்னும் தெரியாது. உங்களிடமும் அவள், "பாவம், அவன் உடனே கிளம்பிட்டான், வழியிலதான் லேட்டாயிடுச்சு" என்றுதானே சொன்னாள்? இழவு வீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது. விழுங்கவில்லை. அவள் கொடுத்த காப்பியை வாங்கிக் குடித்தேன்.

அந்தப் பதிவை நீக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் இப்போது தனி ஆள். வீடு அமைதியாகிவிட்டது என்று சும்மாவே அழுத்துகிறாள். என் குரல் கேட்டால் அவளுக்கு ஒரு தெம்பு. அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை.

இதோ, உங்கள் மேஜையில் அதிர்கிறதே என் கைபேசி, அவள்தான். நீங்கள் எடுக்க வேண்டாம். பதில் போயிருக்கும்.