காய்ச்சலின் கழுத்தைப் பிடித்தவர்

பழனியில் பிறந்து, பெருமாள்மலையில் பணிபுரிந்து, பனியிலும் பிசகாமல் வேலைக்கு வந்த பெருந்தகையே, கிருமியைக் கண்டு கலங்காத, கேள்வியைக் கண்டு ஒதுங்காத, கோபம் வந்தால் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற, இன்றோடு ஓய்வுபெறும் எங்கள் தலைமை ஆய்வாளரே, டாக்டர் முருகேஸ்வரி அம்மையாரே, உங்களுக்கு மையத்தார் அனைவரின் அன்பு வணக்கம்.

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே வேறு யாரோ ஓர் அம்மையாரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்கிறோம். தெரிந்தவர்போலக் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

அந்த அம்மையாரின் அப்பா, பழனி அடிவாரத்தில் முடிக்கொட்டகைக்கு எதிரே சந்தனமும் தொப்பியும் விற்றவர். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய பிள்ளைகள் கூட்டத்தில் கலந்துவிட்டால், பெற்ற தாய்க்கே பிள்ளையைத் தெரியாது. தலைதலையாகப் பார்த்துத் தவித்துவிட்டு, கடைசியில் கழுத்து மச்சத்தைக் கண்டு வாரித் தூக்குவாள். கடையில் உட்கார்ந்து இதைப் பார்த்துச் சிரித்த சிறுமிதான், பின்னாளில் இன்ஃபுளுவென்சா கிருமியோடு மல்லுக்கு நின்றார்.

அந்தக் கிருமியின்மேல் முள்முள்ளாக நிற்கும் புரதத்துக்குத் தலையும் உண்டு, கழுத்தும் உண்டு. வழக்கமான தடுப்பூசி தலையைத்தான் உடம்புக்கு அடையாளம் காட்டும். கிருமியோ அடிக்கடி தலையை மாற்றிக்கொண்டு வரும். அதனால்தான் வருஷா வருஷம் புது ஊசி தேவைப்படுகிறது. கழுத்து அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதை அடையாளம் காட்டிவிட்டால் எந்த வேஷத்தில் வந்தாலும் உடம்பு பிடித்துவிடும் என்று அம்மையார் உறுதியாக நம்பினார். விலங்குகளிடம் அது பலித்தது. அடுத்து மனிதர்களிடம் பார்க்க வேண்டியிருந்தது.

அதற்கு மலைக்கிராமமான பூம்பாறையில் ஆள் சேர்க்க வேண்டும். மழைக்கு முன் போதிய ஆள் சேராவிட்டால் சோதனை வேறு ஊருக்குப் போய்விடும், எங்கள் மையத்துக்குப் பூட்டுத்தான். தலைமையகம் ஒரு சுவரொட்டி அடித்து அனுப்பியது: 'எல்லா வகைக் காய்ச்சலுக்கும் ஒரே ஊசி.' எழுதியவர் நினைத்தது இன்ஃபுளுவென்சாவின் எல்லா வகைகளையும். மலையிலோ உடம்பு சுட்டாலே காய்ச்சல்தான், டைபாய்டும் காய்ச்சல், டெங்குவும் காய்ச்சல். பள்ளிக்கூட வாசலில் ஜனம் அலைமோதியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

முதல் ஆளாக நின்ற பூண்டு விவசாயி பழனிமுத்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "டைபாய்டு, டெங்கு எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்லங்க? வீட்ல மாத்தி மாத்திப் படுத்துக் கெடக்கோம்."

அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லைங்க. இது இன்ஃபுளுவென்சாங்கிற சளிக்காய்ச்சலுக்கு மட்டுந்தான். அதையும் தடுக்குமான்னு இன்னும் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் உங்களக் கூப்பிட்டுருக்கோம்" என்றார். மொட்டைக் கதையையும் சொன்னார். ஊரே சிரித்தது. சிரித்துவிட்டுக் கலைந்துபோனது. பழனிமுத்து சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, "வெரசாச் சொல்லியிருந்தா சோலியையாவது பாத்திருப்போம்" என்று கிளம்பினார்.

தலைமையகத்திலிருந்து தொலைபேசியில் ஒருவர், "தெரியாது என்று ஏன் சொன்னீர்கள்?" என்று கத்தினார். "தெரியாததால் சொன்னேன்" என்றார் அம்மையார். அவர் சுவரொட்டிகளைத் தம் கையாலேயே கிழித்துப்போட்டார். அதன்பின் தினமும் வெள்ளனே பூம்பாறைக்குப் போய், தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொன்னார்.

ஒருநாள் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்காரர் இருளாயி வந்தார். ஊசி போட்டால் என்ன செய்யும், யார் போடக்கூடாது, பாதியில் விலகலாமா என்று ஒன்றுவிடாமல் கேட்டார். பிறகு, "எல்லாத்துக்கும் ஆமா ஆமாங்கிற ஆளுககிட்டத்தான் எனக்குப் பயம்" என்று சொல்லி முதல் கையை நீட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். ஊர் முழுக்க வரவில்லை, தேவைக்கு வந்தார்கள். மையம் பிழைத்தது. சேர்ந்தவர்கள் அத்தனை பேரும் சொன்ன தேதிக்கு வந்து ரத்தம் கொடுத்தார்கள். நாங்கள் ஊசியில் சேர்க்காத வகைகளையும், அதற்குப் பிறகு புதிதாகக் கிளம்பிய வகையையும் அந்த ரத்தம் கழுத்தை வைத்தே அடையாளம் கண்டது. அன்று நாங்கள் அழுதோம். அவர் மட்டும், "கண்ணாடிக் குழாயில் பிடித்திருக்கிறது. மனுஷனுக்குக் காய்ச்சல் வராமல் தடுக்கிறதா என்று இனிமேல்தான் பார்க்கணும்" என்றார்.

அதைப் பார்க்கும் சோதனை, அறுபது நிறைந்தவர்களுக்கானது, நாளை தொடங்குகிறது. சென்ற மாதம் பூம்பாறையில் அதை அறிவித்தபோது, அன்று கிளம்பிப் போன அதே பழனிமுத்து முன்வரிசையில் இருந்தார்.

"நீங்க போட்டுக்கிட்டீங்களா?" என்றார்.

"இங்க வேலை பாக்குறவங்க சேரக்கூடாதுங்க."

"எப்ப ரிட்டையரு?"

"அறுபது முடியுது. அடுத்த மாசம், ஊசி போட ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நா, வெள்ளிக்கிழமை."

"அப்பச் சனிக்கிழமை வாங்க. சேந்தே போட்டுக்கிருவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மையார் மறுநாளே நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேட்டார். குழு சம்மதித்தது, ஒரு நிபந்தனையோடு: இனி அவர் ஆய்வகத்துக்குள் நுழையக்கூடாது, எந்த விவரமும் கேட்கக்கூடாது.

அம்மா, நூறாண்டு நோயின்றி வாழுங்கள். பேரன் பேத்திகளோடு பெரும் சண்டையெல்லாம் போட்டு மகிழுங்கள். நாளைக் காலை வரிசையில் பழனிமுத்துவுக்குப் பின்னால் நில்லுங்கள். செவிலியர் ஜெயப்பிரியா உங்களுக்கும் ஊசி போடுவார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பாதிப் பேருக்கு உப்புநீர்தான் போடுகிறோம். அதில் இருப்பது உங்கள் ஆயுள் உழைப்பா, வெறும் உப்புநீரா என்று அவருக்கும் தெரியாது, சோதனை முடியும்வரை உங்களுக்கும் தெரியாது. உப்புநீர் விழுந்தாலும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இங்ஙனம்,
உங்கள் கையை எல்லோர் கையையும்போலவே பிடிக்கப்போகும்
பெருமாள்மலை தடுப்பூசி ஆய்வு மையப் பணியாளர்கள்