உள்ளே விடாத பரீட்சை

கம்மாபுரத்திலிருந்து டவுன்ஷிப்புக்கு வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவர் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்பவர் என்பது சீருடையில் தெரிந்தது. கடந்துபோகும் மின்கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதைக் கேட்டதும் கணக்கு விட்டுப்போனது.

"என் பரீட்சைக்கு என்னையே உள்ள வுட மாட்டேங்குது."

"எது?"

"கம்ப்யூட்டருதான். பேரு சரி, நம்பரு சரி, மூஞ்சி மட்டும் வேற ஆளுங்குது."

"டிகிரிக்கு ஆன்லைன்ல சேர்றப்ப நீங்க ஷிப்ட்ல இருந்தீங்க. கேமராவைப் பாருன்னுச்சு, நான் பாத்தேன்."

"கிளாஸுலயும் நீதான ஒக்காந்துகினு இருந்த?"

"ரெண்டு வருசமா. அட்டெண்டன்ஸ் போயிடக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

"வாத்தியாருக்கும் தெரியலயா?"

"ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா அத்தினி மூஞ்சி. அதுல யாரு பாக்கறா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"டிகிரி இருந்தாதான் ஆபீஸ் வேலைக்கு எடுப்பாங்க. இல்லன்னா கடேசி வரைக்கும் மைன்ஸ்லயே கெடக்க வேண்டியதுதான். பேசாம நீயே ஒக்காந்து எழுதிடு."

"எழுதுவேன். உங்க பேருல பாஸும் ஆவேன். அப்புறம் ஆபீஸ்ல கூப்பிட்டு, படிச்சதைச் சொல்லுன்னா யாரு போயி சொல்றது?"

இதில் மாணவர் யார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

"பரீட்சை கஷ்டமா இருக்குமா?" என்று கணவர் கேட்டார்.

"எனக்கு இல்லைங்க" என்றார் மனைவி.