எழில்மதியை வகுப்பில் இருத்திய தமயந்தி டீச்சருக்கு

நிலத்தடியில் நிலக்கரி அள்ளி நாட்டுக்கு வெளிச்சம் தரும் நெய்வேலி நகரியத்தில், நிலத்துமேல் மழலையரை அள்ளி வீட்டுக்கு வெளிச்சம் தந்த நித்திலமே! எல்.கே.ஜி. என்னும் அழுகைக் கடலை ஆண்டுதோறும் நீந்திக் கரையேறிய அருந்திறல் ஆசிரியையே! பண்ருட்டிப் பலா வியாபாரிகளும் கண்டதுமே விலையைத் தாமாகக் குறைத்துக்கொள்ளும் பேரத்தின் பேரரசியே! பணி நிறைவு காணும் எங்கள் தமயந்தி அம்மையாரே, வணக்கம்!

தங்கள் பண்புகளையெல்லாம் அடுக்கத் தொடங்கினால் வடை ஆறிவிடும். நல்ல முந்திரிக்கு ஒரு பிடி மாதிரி போதும் என்பார்கள். அந்த ஒரு பிடியாக எழில்மதியை எடுத்துக்கொள்கிறோம்.

2013இல் நான்கு வயதில் வந்தாள். பள்ளி மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் பதுங்குவாள். பசை விரலில் பட்டால் தேள் கொட்டியதுபோல் அலறுவாள். எல்லோரும் சேர்ந்து பாடினால் வாசலைத் தாண்டி ஓடுவாள். தட்டிப் பார்க்காமல் பலாப்பழம் வாங்காத வட்டாரம் இது. பிள்ளைக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் ‘அடம்’ என்று விலை கட்டிவிட்டது. சுரங்கத்தில் மண்வெட்டும் ராட்சத இயந்திரத்தை இயக்கும் தந்தை அறிவழகன் சிரித்தார்: “ஷிப்டுக்கு ஷிப்டு சங்கு ஊதற ஊர்ல பொறந்துட்டு மணிக்குப் பயமா? பழகிடுங்க டீச்சர்.” பழக்குகிறேன் பேர்வழி என்று சங்கு ஊதும் இடத்துக்கே ஒருநாள் தோளில் தூக்கிப் போனார். மறுநாள் முதல் குழந்தை குவார்ட்டர்ஸ் வாசற்படியைத் தாண்டவில்லை. “அடுத்த வருஷம் வேற ஸ்கூல் பாத்துக்கச் சொல்லுங்க” என்றது நிர்வாகம்.

அங்கேதான் தாங்கள் பேரத்தில் இறங்கினீர்கள்! வீடு தேடிப் போன தங்களிடம், “மந்திரிச்சிக் கயிறு கட்டியாச்சுங்க” என்றார் தாய் காந்திமதி.

“கயிறு இருக்கட்டும் காந்திமதி, அவுக்கச் சொல்லல. அது பாட்டுக்கு அது. டாக்டரையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுவோம்.”

“எம் பொண்ணு என்ன பைத்தியமா?” என்று சீறினார் தந்தை.

“உங்க மிஷின் புதுசா ஒரு சத்தம் போட்டா என்னங்க செய்வீங்க? பழகிடும்னு ஓட்டிகினே இருப்பீங்களா, மெக்கானிக்கைக் கூப்பிடுவீங்களா?”

அவர் ஷிப்டுக்கு லீவு சொல்லக் கிளம்பினார்.

புதுச்சேரி மருத்துவமனைக்குத் தாங்களும் உடன் பேருந்தேறினீர்கள். காதில் குறையில்லை என்று தெரிந்ததும், “அப்ப அடந்தாங்க, கெளம்பலாம்” என்று எழுந்தார் அறிவழகன். “காது நல்லாருக்குல்ல? அப்ப சத்தம் உள்ள போயி என்ன பண்ணுதுன்னு பாக்கணும். உக்காருங்க!” என்று அமர்த்தினீர்கள். குழந்தை மருத்துவரும், அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டும் பொறுமையாகச் சோதித்துச் சொன்னார்கள்: ஒலியும் தொடுதலும் அவளை நம்மைவிடப் பன்மடங்கு பலமாக வந்து தாக்குகின்றன, இது அடமுமன்று, வளர்ப்பின் குறையுமன்று. அதைக் கேட்டுக் காந்திமதி அழுதது துயரத்தால் அன்று.

அவர்கள் காட்டிய வழியை வகுப்புக்குக் கொண்டுவந்தீர்கள். மணிக்கு முன்னரே அவளுக்கு ஒரு சொல். பசைக்கு ஒரு தூரிகை. பாரம் சுமந்தால் உடலின் பதற்றம் அடங்குமாம், அதற்குத் தூக்கிச் செல்லக் கனமான புத்தகக் கட்டு. தாங்காதபோது ஒதுங்கத் திரை போட்ட மூலை.

“ஒரு புள்ளைக்குக் குடுத்தா எல்லாப் புள்ளையும் கேக்கும் டீச்சர்!” என்றார் தலைமையாசிரியை கஸ்தூரியம்மாள்.

“கேட்டா குடுப்போம் மேடம். மூலைய என்ன வாடகைக்கா எடுத்திருக்கோம்?”

நாளடைவில் மணியடிக்கும் பொறுப்பையே அவளிடம் ஒப்படைத்தீர்களே, அது ராஜதந்திரம்! தன் கையால் எழும் ஓசை, எப்போது வருமென்று தனக்கே தெரிந்த ஓசை. காதைப் பொத்தாமல் அடித்தாள். இடைவேளையைக் கொஞ்சம் முன்கூட்டியே அடித்ததால் பள்ளியிலேயே அதிக நண்பர்களையும் சம்பாதித்தாள். எல்லாம் தீர்ந்துவிடவில்லை, இன்றும் சில நாள் அந்த மூலை தேவைப்படுகிறது. ஆனால் ‘வேறு பள்ளி’ என்ற பேச்சு அடங்கிப்போயிற்று. வரும் ஜூனில் மூன்றாம் வகுப்புக்குப் போகிறாள்!

வடலூரில் வீடு கட்டிக் குடியேறும் தாங்கள் ஓய்வு என்று கனவு காண வேண்டாம். பிள்ளையை எண்ணிக் கலங்கும் தாய்மாருக்கெல்லாம் காந்திமதி தங்கள் முகவரியைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் படியேறி வருவோர்க்கெல்லாம் பதில் சொல்ல, மூட்டு வலியின்றி, முகம் வாடாமல், பல்லாண்டு தாங்கள் வாழ வேண்டும்!

இம்மடலைத் தங்களிடம் தர எழில்மதி தானே முன்வந்திருக்கிறாள். பட்டுப்பாவாடை குத்துமென்று பருத்திச் சட்டையில் நிற்கிறாள். கன்னம் கிள்ளத் துடிக்கும் பெரியோர்கள் தயவுசெய்து கைகளைக் கட்டிக்கொள்ளுங்கள். அம்மா, தாங்கள் மட்டும் கையை நீட்டுங்கள், அவளே வருவாள்.

நன்றி மறவாத,
ஆசிரியர்கள், அலுவலர்கள், ஆயாக்கள்
பூந்தளிர் மழலையர் தொடக்கப் பள்ளி, நெய்வேலி
மே, 2017