பாலேந்திராவின் பேரில் வேலை

ஐயா, நீங்கள் விசாரிக்கிறபடியால் சொல்கிறேன், எனக்கு முதலாளி இல்லை. எனக்கு நானே முதலாளி. லண்டன் வந்த நாள் தொட்டு வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிறேன். லீவு கேட்க ஆளில்லை, ஏச ஆளில்லை. நல்ல சீவியம்தான்.

எண்பத்தொன்பதில் கடன் எடுத்து ஒரு வான் வாங்கினேன். வான் களவு போனது, கடன் நின்றது. கடன் தந்த கொம்பனி வழக்குப் போட்டது. கோட்டிலிருந்து கடிதம் வந்தபோது அறையில் கூட இருந்த பாலேந்திராதான் வாசித்துச் சொன்னான். எனக்கு அப்போது எந்த எழுத்தும் தெரியாது.

"அண்ணை, உங்களுக்குச் சம்பளம் தர ஒருத்தரும் இல்லாதபடியால் சம்பளத்தில வெட்ட ஏலாதாம்."

இரண்டுபேரும் சிரித்தோம்.

அடுத்த மாதம் எனக்குப் பெயின்ற் வேலை தந்த கொந்தராத்துக்காரன் என் ஆறு கிழமைக் காசைக் கடன்காரக் கொம்பனிக்கே கட்டிவிட்டான். கோட்டு அவனுக்கு நேரே கட்டளை அனுப்பியிருந்தது. எனக்கு வரவேண்டிய காசு எவன் கையில் இருந்தாலும் அங்கேயே பிடிக்கலாமாம்.

பாலேந்திராதான் வழி சொன்னான். "என்ர பேரில வேலை எடுங்கோ. பேர் என்ன, தேயவா போகுது?" நல்ல பிள்ளை. ஊரில் அவனுக்கு ஒருத்தரும் இல்லை. எங்களைத் தெரியாத இடமாகப் பார்த்து இல்ஃபோர்ட்டுக்கு மாறினோம். ஒரு வருசம் என் காசு அவன் பேரில் ஒழுங்காக வந்தது.

தொண்ணூற்றொன்று மாசியில் அவனுக்கு நெஞ்சுச் சளி. மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. "அண்ணை, அம்புலன்சுக்கு அடியுங்கோ" என்றான். நான் யோசித்தேன். ஆஸ்பத்திரியில் வருத்தக்காரன் என்று அவன் பேரை எழுதினால், அந்தப் பேரில் ஏணியில் ஏறி வேலை செய்ய ஏலுமா? மல்லிக் கோப்பி வைத்துக் கொடுத்தேன். "குடி, வேர்த்தால் விட்டிடும்." ஊரில் எல்லாரும் அதைத்தானே கொடுப்பார்கள். மறுநாளும் கேட்டான். டெலிபோன் பழுது என்றேன். குளிருக்குள் எழும்பி வெளியே போய்விடுவான் என்று அறையைப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை வேலையால் வந்தபோது முடிந்திருந்தான்.

அதன் பிறகு அம்புலன்சுக்கு அடித்தேன். செத்தவரின் பேர் என்ன என்று கேட்டார்கள். என் பாஸ்போட்டையும் கடுதாசிகளையும் எடுத்துக் கொடுத்தேன். படத்தில் இருந்தவனும் கட்டிலில் கிடந்தவனும் கறுத்து மெலிந்த தாடிக்காரர். கிருஷ்ணமூர்த்தி இறந்தான் என்று எழுதிக்கொண்டார்கள். கிருஷ்ணமூர்த்தி நான். செத்தவனிடம் கோட்டு என்ன பிடிக்கும்?

ஊருக்கும் அந்தச் செய்திதான் போனது. என் மனுசி செல்வமலர் பொட்டை அழித்துக்கொண்டாள். அவளுக்குப் பாலேந்திரா பேரில் காசு அனுப்புகிறேன், ஒரு மாதம் தவறியதில்லை. பிறகு பின்னேர வகுப்புக்குப் போய்த் தமிழ் எழுத்தும் பழகினேன். அவள் என் கையெழுத்தைக் கண்டதேயில்லை, அதனால் கரைச்சல் இல்லை.

போன வருசம் கேட்டு எழுதியிருந்தாள்: "அண்ணை, அவர் கடைசியில கஷ்டப்பட்டவரோ?"

நான் பதில் போட்டேன்: "இல்லை, தங்கச்சி. நான்தான் பக்கத்தில இருந்து பார்த்தனான். ஒரு குறையும் விடேல்லை."

அந்தக் கடிதத்தை நீங்கள் எடுப்பித்துப் பார்க்கலாம், ஐயா. அதில் ஒரு பொய்யும் இல்லை.