ரெண்டு ஷிப்ட் தண்ணி

“இந்த ஆலமரத்துக்கு நாங்க ரெண்டு ஷிப்ட்டா தண்ணி ஊத்தி அழுக வச்சிட்டோம் அக்கா. நர்சரியில காட்டத்தான் எடுத்துக்கினு போறேன்.”

காலையில் டவுன்ஷிப் பஸ்ஸில் என் முன்சீட்டில் இருந்த பெண் சொன்னாள். அவள் மடியில், அகலமான தட்டில், ஒரு சாண் உயரத்துக்கு ஒரு போன்சாய் ஆலமரம். பாதி இலைகள் பழுத்திருந்தன. அவள் பக்கத்தில் இருந்த நடுவயது அம்மாள் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தார்.

“சேறாட்டம் இருக்குதே. எந்த ரெண்டு ஷிப்ட்டு?”

“காலையில நான் ஊத்திட்டு ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போயிடுவேன். வூட்டுக்காரருக்கு மைன்ஸ்ல செகண்ட் ஷிப்ட். மத்தியானம் கிளம்பறப்ப அவரும் ஊத்தியிருக்காரு. ராத்திரி அவரு வர்றப்ப நான் தூங்கிடறேன். நாங்க மொகம் பாத்துப் பேசினாதானே தெரியும்?”

“அழுகின வேரை வெட்டிட்டு மண்ணை மாத்து. மேல் மண்ணு காஞ்சாதான் தண்ணி. ஊத்தின ஆளு தட்டு ஓரத்துல ஒரு கூழாங்கல்லை வச்சிடுங்க, அடுத்த ஆளு ஊத்த மாட்டாங்க.”

ஜன்னல் வெயிலில் அந்தக் குட்டி மரத்தின் நிழல் அவள் புடவையில் ஆடிக்கொண்டே வந்தது.

“கனவுல இது பெரிய மரமாயிடுதுக்கா. கீழ நானும் அவரும் உக்காந்து பேசிக்கினே இருக்கோம்.”

“சரி, கல்லு வைக்கிறியா?”

“கல்லு வேணாங்க்கா. இனிமே அவரே ஊத்தட்டும். சாயங்காலம் வந்ததும் நான் மண்ணைத் தொட்டுப் பாப்பேன். ஈரமா இருந்தா, அன்னிக்கு நாங்க பாத்துக்கிட்ட மாதிரிதான்.”