தள்ளுபடிக்கு ஒரு ஸ்தோத்திரம்

"…தண்டனையத் தள்ளிட்டாவ மக்கா, குற்றத்த மட்டும் எனக்க தலையிலயே வச்சிட்டுப் போயிட்டாவ. இது எந்த ஊரு நியாயம்? நீயே சொல்லு!"

திருவட்டாற்றில் பஸ் ஏறியது முதல் முருகதாஸுக்கு வாய் திறக்க வாய்க்கவேயில்லை. ஜன்னலோரப் பெரியவரின் பெயர் நேசமணி, மின்வாரியத்தில் கணக்கராக இருந்தவர், மனைவி தங்கபாய், அவளுக்குச் சர்க்கரை. இவ்வளவும் கேட்காமலே தெரிந்துவிட்டது.

"ஆதியிலேருந்து சொல்லுதேன். போன வருசம் ஐப்பசி… திற்பரப்புல வெள்ளம் பொங்கிப் போவுது. குளிக்கப்பிடாதுன்னு கயிறு கெட்டி, போர்டும் வச்சிருக்கான். வாசிச்சேன், வாசிக்காம இல்ல. ஆனா எண்ணெ தேச்சாச்சே மக்கா! எண்ணெ தேச்ச தலையோட வீட்டுக்குத் திரும்ப முடியுமா? கயித்துக்குக் கீழ குனிஞ்சு போயி ஒரு முங்கு முங்கினேன். அம்புட்டுதான். விசிலு! இடுப்புல கெட்டின ஈரத் துவர்த்தோட போலீசுகாரன் ஸ்டேசன்ல கொண்டு நிறுத்தினான்.

"கோர்ட்டுல மஜிஸ்திரேட்டு 'ஒத்துக்கிடுதியளா'ன்னு கேட்டாரு. ஒத்துக்கிட்டேன். கர்த்தருக்குப் பயந்தவன் பொய் சொல்லப்பிடாதுல்லா? அபராதம் ஐந்நூறு. துட்டு பெருசில்ல மக்கா, பேரு பெருசு. எங்க சபையில செயலாளர் தேர்தலு வருது. கோர்ட்டு குற்றவாளின்னு சொன்னவன் நிக்கப்பிடாதுன்னு ஒரு விதி. அந்த விதிய எழுதினது ஆருன்னு கேக்காத… செரி, நான்தான். அப்பம் ஒருத்தன ஒதுக்கணும்னு எழுதினது. அது கெடக்கட்டு."

முருகதாஸ் செல்போனை எடுத்தான். பெரியவர் மிகுந்த மரியாதையோடு அதை அவன் மடியில் கவிழ்த்து வைத்தார்.

"விசயம் ஆருக்கும் தெரியாது. தங்கபாய்ட்ட பென்சன் ஆப்பீசுன்னு சொல்லிட்டுதான் கோர்ட்டுக்கே போனேன். அப்பம் ஒரு வக்கீலு சொன்னாரு, சர்க்காருக்கு அதிகாரம் உண்டு, மனு போட்டா அபராதத்தக் கொறைக்கலாம், அப்படியே தள்ளவும் செய்யலாம்னு. துட்டு கெட்டுததுக்குத் தவண வாங்கிட்டு, பதினாலு பக்கம் எழுதினேன். எண்ணெ தேச்ச தலையப் பத்தி மட்டும் மூணு பக்கம்! மெட்ராசுக்குப் போச்சு. அங்கேருந்து, தண்டிச்ச அதே மஜிஸ்திரேட்டுக்குத் திரும்பி வந்துச்சு, 'உம்ம அபிப்பிராயம் என்ன'ன்னு. நல்ல மனுசன். 'எழுபத்திரண்டு வயசு, விட்டுரலாம்'னு எழுதிட்டாரு. பதினோரு மாசம் மக்கா! ஐந்நூறு ரூவாக்கு எத்தன ஆப்பீசு, எத்தன முத்திர! கடைசியில வந்துச்சு பாரு உத்தரவு. தள்ளுபடி!

"அதோட நின்னிருக்கலாம். நின்னேனா? எங்க சபையில ஒரு வழக்கம் உண்டு. நல்லது நடந்தா காணிக்கைக் கவருல காரணம் எழுதிப் போடுவோம். ஆயரு ஞாயித்துக்கிழமை சத்தமா வாசிப்பாரு. பேத்திக்குச் சுகம் கிட்டினதுக்கு, மவனுக்குத் துபாய் விசா கிட்டினதுக்குன்னு… நன்மை வாங்கிட்டு நன்றி சொல்லாம இருக்க முடியுமா? நானும் எழுதினேன். ஆயரு மைக்குல வாசிச்சாரு: 'திற்பரப்பில் தடையை மீறிக் குளித்த வழக்கில் விதித்த அபராதத்தை அரசு தள்ளுபடி செய்ததற்காக, நேசமணி குடும்பத்தார் ஸ்தோத்திர காணிக்கை.'

"பொம்பளைய வரிசையிலேருந்து தங்கபாய் ஒரு பார்வ பாத்தா… அத விடு. ஆராதன முடிஞ்சதும் எபிசன் வந்தான். அவனும் செயலாளருக்கு நிக்கான். 'அப்பம் குற்றம் இருந்துதுல்லா?'ங்கான். 'எல்லாம் போச்சுடே'ன்னு உத்தரவ அவன் கையிலயே குடுத்தேன். கடைசி வரிய வாசிச்சான். 'தண்டனை மட்டுமே தள்ளுபடி, குற்றத்தீர்ப்பு மாறாது.' பதினாலு பக்கம் எழுதினவன் மக்கா நான்… வந்த ஒரு பக்கத்த முழுசா வாசிக்கல்ல. எனக்க விதியே எனக்க வேட்புமனுவத் தின்னுட்டு."

பெரியவர் மஞ்சள் பையிலிருந்து தடித்த கட்டு ஒன்றை உருவினார்.

"இப்பம் கவர்னருக்கு. மன்னிப்பு குடுத்தா குற்றமே இல்லன்னு ஆயிருமாம். இருபத்தியேழு பக்கம். வாசிக்கேன் கேளு…"

முருகதாஸ் எழுந்துவிட்டான்.

"எறங்குதியா? புதுக்கடைக்குல்லா டிக்கெட்டு எடுத்த? இன்னும் ரெண்டு ஸ்டாப்பு கெடக்கே மக்கா!"

அவன் இறங்கி, பஸ் நகரவும்தான் மூச்சு விட்டான். அப்போது ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு வெள்ளைக் கவர் ஆடியது.

"மன்னிப்பு கிட்டினதும் போட, காணிக்கைக் கவரு இப்பமே ரெடி மக்கா! போன தடவ சுருக்கமா எழுதினதாலதான் கொழப்பம். இதுல எல்லாம் வெவரமா எழுதியிருக்கேன்!"